மொரிஷியஸில் பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தமிழ் நூலகம்: பெட்டியைத் திறப்பதற்கு முன்

காத்ர் போர்னில் இருக்கும் ஒரு தம்பதி கேட்டிருக்கிறார்கள். கோயில் சங்கம் பக்கத்து அறை ஒன்றைத் தருகிறது. சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் சேர்த்து அனுப்பிய 300 தமிழ்ப் புத்தகங்கள் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அக்கம்பக்கத்தில் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாரும் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சு மொழி. நூலகத்தை எப்படித் தொடங்குவது, எந்த மென்பொருளில் பதிவது, புத்தகங்களை எப்படி வகைப்படுத்துவது, பிள்ளைகளை எப்படி வரவைப்பது?

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். வாக்வா பக்கம் ஒரு கோயிலின் பக்க அறையில் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மென்பொருள் வேண்டாம். 200 பக்க நோட்டு ஒன்று போதும். முதலில் அந்த 300 புத்தகங்களைப் பற்றிப் பேசிவிடுவோம். நூலகம் படுத்துவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

எங்களுக்கும் இப்படித்தான் ஆனது. முதல் வருடம் நன்கொடையாக அறுநூறு புத்தகம் வந்து இறங்கியது. சந்தோஷத்தில் எண்ணி எண்ணி அடுக்கினோம். அதில் பாதி பெரியவர்களுக்கான தொடர்கதைகள், பழைய வாரப் பத்திரிகைகளைச் சேர்த்துத் தைத்தவை. மீதியில் முக்கால்வாசி பத்தாம் வகுப்பு நோட்ஸ், போட்டித் தேர்வு கைடு, பொது அறிவுக் கேள்வி பதில். பிள்ளைகளுக்கானது என்று தேறியது எழுபதோ எண்பதோ. எல்லாவற்றையும் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் வைத்துப் பூட்டினோம். சாவி சங்கத்துப் பொருளாளரின் பையில். அவர் வராத வாரம் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது மாதம் மூக்கை அழுத்தவும் ஆளில்லை.

சீர்காழியில் பிறந்து, கணக்கு ஆசிரியராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். இதைப் போய் ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று படிக்கும்போது தோன்றும். பீரோ சாவியைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும், எழுதத்தான் வேண்டும். அதே 1931ல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் கிளம்பிவிட்டது. நாம் இங்கே காற்றாடி சுழலும் அறையில் உட்கார்ந்துகொண்டு பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, உங்கள் பெட்டிகளைத் திறந்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதல் குவியலில், நீங்கள் கிரியோலில் கதை சொன்னபடியே படத்தைக் காட்டிப் புரியவைக்கக்கூடிய புத்தகங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம். இரண்டாவது, ஐந்தாறு வருடம் தமிழ் படித்த பிள்ளை கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் முடித்துவிடக்கூடியவை. மூன்றாவது, மற்றதெல்லாம். மூன்றாவது குவியலை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள். பெரியவர்களில் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், அல்லது உங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும். அனுப்பிய சித்தப்பா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. 300ல் 90 தேறினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு நூறு புத்தகம் தாராளம். அதிலும் ஒரு வாரத்துக்கு நாற்பதுதான் கண்ணில் பட வேண்டும். மற்றவை உள்ளே இருந்து மாதத்துக்கொரு தடவை வெளியே வரட்டும்.

இந்த முதல் இரண்டு குவியல்களைப் பிரிக்கும்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மைப் போன்றவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊரில் இப்போது வரும் நல்ல சிறுவர் நூல்களில் பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசுகின்றன. ‘வந்துட்டான்’, ‘எங்கடா போனே’ என்றெல்லாம் இருக்கும். நமக்கு அது எளிமை. இங்கே அது தலைகீழ். இந்தப் பிள்ளைகள் தமிழை அம்மா வாயிலிருந்து கற்கவில்லை, பாடப் புத்தகத்திலிருந்து கற்கிறார்கள். ‘வந்துவிட்டான்’ என்றால் எழுத்துக்கூட்டிப் படித்து ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள். ‘வந்துட்டான்’ என்றால் விழிப்பார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி ‘எங்கடா’வை ஓர் ஊரின் பெயர் என்று நினைத்து வரைபடத்தில் தேடியிருக்கிறாள். எழுத்துத் தமிழ்தான் இவர்களுக்குச் சுலபத் தமிழ். ஊர்க்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று, மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டு கோலம் போடும் கதை. இங்கே மார்கழியில் வியர்வை ஊற்றும், புயல் எச்சரிக்கை வரும். அந்தப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. “அங்கே ஜனவரியில் குளிருமா?” என்று ஒரு பையன் கேட்டதில் அன்றைக்கு அரை மணி நேரம் பூமி உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

புதிதாகப் புத்தகம் சேர்ப்பதற்குக் கப்பல், கூரியர் என்றெல்லாம் போகாதீர்கள். மெல்லிய படக்கதை ஒன்று ஏறக்குறைய நூறு கிராம்தான். ஊருக்குப் போய் வருபவர் ஒருவர் பெட்டியில் ஐந்து கிலோ இடம் கொடுத்தால் ஐம்பது புத்தகம் வந்துவிடும். நீங்களே பட்டியல் எழுதிக் கொடுங்கள். “ஏதாவது நல்லதா பாத்து வாங்கிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மறுபடியும் பொது அறிவுக் கேள்வி பதில் வரும். தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் வெளியீடுகளில் தேடினாலே முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். காசே இல்லையென்றால் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்ப் படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கும். திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், எழுதியவர் வரைந்தவர் பெயரை மட்டும் விடாமல் போட வேண்டும். நாங்கள் இதை வைத்துத்தான் எங்கள் நூலகத்தில் அதிகம் கிழிந்த புத்தகங்களைச் செய்தோம்: தமிழ் வரிக்குக் கீழே கிரியோல் வரி. கிரியோலுக்கு 2011லேயே சீரான எழுத்துமுறை வந்துவிட்டது. 2012 முதல் தொடக்கப் பள்ளியில், தமிழ், இந்தி, தெலுங்கு போல அதுவும் விருப்பப் பாடம். அதனால் பெரிய பிள்ளைகளே அந்தக் கீழ் வரியை எழுதிவிடுவார்கள். தமிழை விட்டுக் கிரியோலைச் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று யாராவது ஒருவர் வருவார். அந்த வரியை எழுத அந்தப் பிள்ளை மேல் வரியை ஆறு தடவை படித்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்க மாட்டார். விடுங்கள்.

இனி, பிள்ளைகளை வரவைப்பது. இதில்தான் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

உறுப்பினர் அட்டை செய்யுங்கள். சின்னத் தடித்த அட்டை, ஓரத்தில் ஓட்டை, ஒரு நூல். அதில் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். அவ்வளவுதான். சொன்னால் சப்பென்று இருக்கும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழு வயதுப் பையன். அவன் குடும்பப் பெயரை இங்கே எல்லாரும் ‘அர்மூகோம்’ என்றுதான் சொல்வார்கள். பள்ளியில், ஆஸ்பத்திரியில், வீட்டில்கூட. அவனுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். அட்டையில் ‘ஆறுமுகம்’ என்று எழுதி நீட்டினேன். வாங்கி எழுத்துக்கூட்டினான். ‘ஆ…று’. பள்ளியில் ஒன்று இரண்டு மூன்று படித்திருக்கிறான், தெரியும். ‘மு…க…ம்’. கண், மூக்கு, வாய், முகம் என்ற பாடமும் ஆகியிருக்கிறது. விரலை அட்டையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு “சிஸ் ஃபிகிர்?” என்றான். ஆறு முகமா? எனக்கா? நான் பதில் சொல்வதற்குள் வெளியே ஓடினான். சன்னதி எங்கள் அறையிலிருந்து இருபது அடி. அங்கே போய் முருகன் படத்தில் முகங்களை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தான். அடுத்த சனிக்கிழமை அவன் தாத்தாவும் கூட வந்தார், தனக்கும் ஓர் அட்டை வேண்டுமாம்.

இந்தத் தீவில் இது ஏன் இப்படி வேலை செய்கிறது என்றால், இங்கே குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் கப்பலில் வந்த முதல் ஆளின் சொந்தப் பெயர். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு, ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். அவர்கள் இறங்கிய போர்ட் லூயிஸ் துறைமுகப் படிகள்தான் இன்று 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஆப்ரவாசி காட். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்களும் உண்டு. குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் கோவிந்தன் ‘கோவிந்தேன்’ ஆனார், வைத்தியலிங்கம் ‘வைதிலிங்கோம்’ ஆனார், சுப்பிரமணியன் எத்தனை விதமாக ஆனார் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆக, தமிழே தெரியாது என்று சொல்லும் பிள்ளையின் அடையாள அட்டையில் ஒரு முழுத் தமிழ்ச் சொல் மாறுவேடத்தில் இருக்கிறது. அதன் வேடத்தைக் கலைத்துக் காட்டுவதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை. மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் காலத்துக் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆர்வமுள்ள குடும்பங்கள் அங்கே போய் முன்னோரின் பதிவைத் தேடி எடுத்து வருவார்கள். அப்படி ஒரு நகல் வந்தால் அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பெயரையும் நீங்களே ஊகித்து எழுதிவிடாதீர்கள். சில பெயர்கள் தெலுங்காக இருக்கும், சிலவற்றில் எது மூலம் என்று யாராலும் சொல்ல முடியாது. தாத்தா பாட்டியிடம் உச்சரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதையே எழுதுங்கள்.

அடுத்த படி சமையலறை. கிரியோல் பேசும் இந்தப் பிள்ளைகளின் வாயில் ஏற்கனவே எவ்வளவு தமிழ் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. கொத்தமல்லி அவர்களுக்குக் ‘கொத்தொமிலி’. கறிவேப்பிலை ‘காரிபூலே’. முருங்கைக் கீரை ‘ப்ரேத் முரூம்’. பீர்க்கங்காய் ‘பிபங்காய்’. ரசம் ‘ராசோன்’. ஒரு சனிக்கிழமை சந்தையிலிருந்து இவற்றில் ஒவ்வொரு பிடி வாங்கிக்கொண்டு போய் மேசையில் பரப்பினேன். பக்கத்தில் தமிழில் எழுதிய அட்டைகள். எது எதற்கு என்று அவர்களே பொருத்த வேண்டும். ‘கொத்தமல்லி’ அட்டையை எழுத்துக்கூட்டிய பெண் பாதியிலேயே “ஸா கொத்தொமிலி ஸா!” என்று கத்தி அந்தக் கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அறை முழுக்க ரச வாசனை. புத்தகத்தில் ஈரம் படும் என்று எங்கள் கூட்டாளி ஒருவர் முணுமுணுத்தார், அவர் சொன்னதும் சரிதான்.

காசு வேலையும் உண்டு. இந்த நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் இருக்கிறது. 1998ல் வந்த புதிய தாள்களில் தமிழின் இடம் இந்திக்குப் பின்னால் போனபோது எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பெரியவர்கள் இன்றும் அதைக் கோபத்தோடுதான் பேசுவார்கள். பிள்ளைகளிடம் அந்தக் கதையெல்லாம் வேண்டாம், தாளைக் கையில் கொடுத்து “இதில் தமிழ் எங்கே இருக்கிறது, கண்டுபிடி” என்று சொல்லுங்கள். ‘நூறு ரூபாய்’ என்று வாசித்தவனுக்கு அன்றைய வீரன் பட்டம். தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

கதை நேரத்தை நான் விடுகதையோடு தொடங்குகிறேன். இதற்கு இந்த ஊரிலேயே ஒரு முறை இருக்கிறது. கிரியோலில் விடுகதை போடுபவர் “சிராந்தான்?” என்று கேட்பார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் “சாம்பெக்!” என்று கத்துவார்கள். அப்புறம்தான் விடுகதை. நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. தொங்குகிற தண்ணீர் எது? தேங்காய். இவை அவர்களுக்குத் தெரிந்தவை. “சாம்பெக்!” சத்தம் அடங்குவதற்குள் நான் தமிழில் போடுவேன்: மூன்று கண் உண்டு, சிவன் இல்லை. அது யார்? ஒருத்தன் தேங்காயைத் திருப்பிப் பார்த்து மூன்று கண்ணையும் கண்டுபிடித்தால் போதும், அடுத்த வாரம் ஐந்து பேர் வீட்டிலிருந்து விடுகதையோடு வருவார்கள். பாட்டிகள் உள்ளே நுழைவது இந்த வழியாகத்தான். எங்களுக்கு வரும் பாட்டி ஒருவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கோயிலில் பாடும் பாட்டுகளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவார். புத்தகத்தைத் திறந்து பேத்தி படிக்க, பாட்டி கேட்க, நடுவில் பாட்டி ஒரு சொல்லைத் திருத்த என்று அந்த மூலையில் ஒரு தனி வகுப்பே நடக்கும். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வாசித்துக் காட்டும்போது ஒரே புத்தகத்தை மூன்று வாரம் வாசியுங்கள். முதல் வாரம் கதையைக் கிரியோலில் சொல்லிவிட்டு, திரும்ப வரும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில். இரண்டாவது வாரம் முழுவதும் தமிழில், படத்தைத் தொட்டுக் காட்டியபடி. மூன்றாவது வாரம் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. பெரியவர்களுக்கு அலுத்துவிடும், பிள்ளைகளுக்கு அலுக்காது. ழகரத்தைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். நம்மூரில் எத்தனை பேருக்கு அது ஒழுங்காக வருகிறது?

எழுத்து விளையாட்டு ஒன்று. தமிழ் எழுத்தில் கிரியோல் எழுதச் சொல்லுங்கள். ‘மோ கொந்தான் லிர்’ (எனக்கு வாசிக்கப் பிடிக்கும்) என்று எழுதி நீட்டுவார்கள். வகுப்பில் டீச்சருக்கே புரியாத ரகசிய மொழியாகிவிடும். அப்புறம் யாராவது ஒருத்தி கண்டுபிடிப்பாள்: கிரியோலில் மரக்கட்டைக்கு ஒரு சொல், பட்டாணிக்கு ஒரு சொல், முதல் ஒலி மட்டும்தான் வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ‘ப்வா’தான். ஏன் தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை என்று கேட்பாள். உட்கார்ந்து விளக்குங்கள். பள்ளியில் இந்தக் கேள்விக்கு நேரம் இருப்பதில்லை.

பள்ளி என்றதும் பெற்றோர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பிள்ளைகளின் வாரம் முழுக்க ‘லெசோன்’, அதாவது டியூஷன். ஆறாம் வகுப்பில் தேர்வு. நூலகம் திறந்த முதல் மாதமே அம்மாக்கள் வந்து “தமிழ் பேப்பருக்குப் பழைய கேள்வித்தாள் வையுங்கள், மிஸ்” என்பார்கள். வைக்காதீர்கள். நான் ஒரு வருடம் வைத்தேன். ஒரு தட்டுத்தான் என்று ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் அறையே டியூஷன் சென்டர் ஆகி, சின்னப் பிள்ளைகள் பெரியவர்களின் தேர்வுப் பயத்தைப் பார்த்து வாசலோடு திரும்பினார்கள். எடுத்துவிட்டேன். இரண்டு குடும்பம் வருவதை நிறுத்தியது. அதில் ஒன்று பிறகு திரும்பி வந்தது. நேரமும் லெசோனைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எங்களுடையது சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு. மழையோ கல்யாணமோ, இரண்டு மணிக்குக் கதவு திறந்திருக்கும். ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் அந்தப் பெயரை அழிக்க ஒரு மாதம் ஆகும்.

வகைப்படுத்துவதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். முதல் குவியலுக்கு முதுகில் மஞ்சள் வட்டம், இரண்டாவதற்குப் பச்சை. முடிந்தது. அட்டைப்படம் முன்னால் தெரியும்படி வையுங்கள், முதுகு தெரியும்படி அடுக்கினால் மெல்லிய படக்கதை கண்ணிலேயே படாது. சுவருக்குச் சுவர் கொடி கட்டித் துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டால் போதும், அலமாரிச் செலவு மிச்சம். நோட்டில் தேதி, பெயர், புத்தகம், திரும்பியதா என்று நான்கு பத்தி. அபராதம் கிடையாது. முதல் வருடம் எங்களுக்குப் பதினொரு புத்தகம் திரும்பி வரவில்லை. ஒரு வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனபோது அதில் ஒன்றைப் பார்த்தேன், சாமி படத்துக்குப் பக்கத்தில் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். கேட்கவில்லை.

புத்தகத்துக்கு உண்மையான எதிரி திருடனில்லை, ஈரம். நீங்கள் காத்ர் போர்னில் கொஞ்சம் தப்பித்தீர்கள், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வாக்வாவிலும் கியூர்பிப்பிலும் ஜூலை, ஆகஸ்டில் நாள் கணக்கில் தூறல் விடாது. அறைக் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை வந்துவிடும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப்போனது. மேட்டில் எங்களுக்கு வெள்ளமில்லை. ஜன்னல் இடுக்கில் சாரல் மட்டும் அடித்தது. ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் பழைய செருப்பு வாடை. கீழ்த்தட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பக்கம் வரவில்லை. இழுத்ததும் ‘பர்ர்’ என்று யானையின் பாதி முகம் எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது.

அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். படக்கதைகள் பளபளப்புக் காகிதத்தில் அச்சடித்தவை. அந்தப் பூச்சு நனைந்து மூடியபடியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரம்மா வந்தாலும் பிரியாது. நனைந்த சில மணி நேரத்துக்குள் பக்கங்களைப் பிரித்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து என்றால் விசிறியாக விரித்து நிறுத்திக் காற்றாடி போடுங்கள். அதற்கு மேல் என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வையுங்கள். சிரிக்காதீர்கள், பெரிய நூலகங்களே இதைத்தான் செய்கின்றன. உறைந்திருக்கும்வரை பூஞ்சையும் வளராது, பக்கமும் ஒட்டாது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். பூஞ்சை பிடித்துவிட்டதென்றால் நன்றாகக் காயவிட்டு வெளியே எடுத்துப்போய், வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு துடையுங்கள். அறைக்குள் துடைத்தால் மற்ற புத்தகங்களுக்கும் விதை தூவியது போல.

கொடியில் தொங்காமல் உள்ளே இருக்கும் புத்தகங்களுக்கு இரும்பு அலமாரி, தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி. மரம் வேண்டாம், கரையான் விடாது. இங்கே அதற்குக் கிரியோலிலும் ‘கார்யா’ என்றுதான் பெயர், வீட்டுக்காரரிடம் விளக்கவே வேண்டியதில்லை. அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் பிள்ளைகளுக்கு அதிலுள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். யாருக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தில் எழுதியிருக்காது. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை புயல் காலம். முதல் எச்சரிக்கை வந்ததுமே கீழ்த்தட்டைக் காலி செய்து மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து மேசைமேல் ஏற்றிவிடுங்கள். காய்ந்த புத்தகத்தை மட்டும்தான் பெட்டியில் போட வேண்டும். புயல் போனதும் முதல் வேலையாகத் திறந்துவிடுங்கள்.

அப்புறம் எண்ணெய். பிள்ளைகளுக்கு ஏதாவது தின்னக் கொடுக்காமல் இரண்டு மணி நேரம் வைத்திருக்க முடியாது, கொடுத்தால் அது காத்தோ பிமாவாகத்தான் இருக்கும். நம் பருப்பு வடையின் தம்பி. கடைசிக் கால் மணிதான் தீனி, அதுவும் வெளித் திண்ணையில், கையில் புத்தகம் இல்லாமல். குழாயடியில் சோப்பு தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசப்பான விஷயம் ஒன்றை முதலிலேயே முடித்துவிடுங்கள். புத்தகங்கள் யாருடையவை என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, நீங்களும் கோயில் சங்கமும் கையெழுத்துப் போடுங்கள். சங்கங்களில் தேர்தல் வரும், ஆள் மாறுவார்கள். புதிதாக வந்தவருக்கு அந்த அறை பாத்திரம் வைக்கத் தேவைப்படும். எனக்குத் தெரிந்த ஒரு நூலகம் அப்படித்தான் ஒரே வாரத்தில் பந்திப் பாத்திரங்களுக்கு வழிவிட்டது. காகிதம் இருந்திருந்தால் புத்தகங்களாவது வெளியே வந்திருக்கும். தனிச் சங்கமாகப் பதிவு செய்வதெல்லாம் இரண்டு வருடம் ஓடின பிறகு யோசிக்கலாம். அதேபோல் எந்த நேரத்திலும் அறையில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியாக வேண்டாம். 2020ல் இங்கே பிள்ளைகளுக்கென்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாரும் அதில் பிள்ளைகள்தான். பெற்றோரிடம் எழுதி வாங்காமல் புகைப்படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், கோயில் விழாப் படத்தோடு சேர்த்தும் போடாதீர்கள்.

தொடங்கும் நாள்? டிசம்பரில் வேண்டாம், விடுமுறையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஜனவரியில் பள்ளி திறக்கிற பரபரப்பு, அதோடு தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கிவிடும், கோயிலில் உங்களுக்கு அறையே கிடைக்காது. காவடி முடிந்து, கோயில் வளாகத்தைக் கழுவிவிட்டு, எல்லாரும் மூச்சு விட்ட பிறகு வரும் சனிக்கிழமை சரியாக இருக்கும். அதற்கு முந்தின வாரமே கோயில்காரர்களிடம் பிள்ளைகளின் குடும்பப் பெயர்ப் பட்டியலை வாங்கி, தாத்தாக்களிடம் கேட்டுச் சரிபார்த்து, அட்டைகளை எழுதி வைத்துவிடுங்கள். நான்கைந்து வெற்று அட்டையும் இருக்கட்டும். சொல்லாமல் வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் கூட்டி வரும் தம்பி தங்கைகளும் இருப்பார்கள்.